இரண்டு கை, மூன்று பேர்

இது கதை இல்லை, நடந்தது. நம்ப மாட்டேன் என்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. எந்த நாத்தனாராவது அண்ணிக்காகச் சாட்சி சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? நான் சொல்கிறேன். எங்கள் அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். சமையலில் உப்பு ஒருநாளும் ஒழுங்காக இருக்காது. ஆனால் பொய் வராது. இத்தனை குறையையும் சொன்ன வாயால் சொல்கிறேன், நம்புங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதில் புளியமரம் கிடையாது, அமாவாசை கிடையாது, நாய் ஊளையிடவில்லை. நல்ல வெயில். காலை பதினொரு மணி இருக்கும். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

அண்ணி ஸ்கூபா பயிற்சியாளர். நீச்சல்கூடத் தெரியாதவர்களுக்குக் காற்று சிலிண்டரை மாட்டிவிட்டு, கடலுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போய், மீன் காட்டிவிட்டு, பத்திரமாக மேலே கொண்டுவருவது அவள் வேலை. இதில் ஒரு பிடி இருக்கிறது. புதிதாக இறங்குகிறவருக்குப் பின்னால், கொஞ்சம் மேலே மிதந்தபடி, அவர் முதுகில் இருக்கும் சிலிண்டரின் கழுத்தைப் பயிற்சியாளர் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனை குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு போகுமே, அப்படி. இறங்குகிறவருக்குத் தானே நீந்துவது போல இருக்கும். உண்மையில் அவர் உயிர் முழுக்கப் பின்னால் இருக்கும் கையில் இருக்கிறது. பயிற்சியாளருக்கு இரண்டு கை. அதனால் ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு பேர்தான் என்பது விதி. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம்.

அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஒரு பல் டாக்டர், அவருடைய இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பதினேழு இருக்கும், சின்னவளுக்குப் பதினான்கு. கடையில் அண்ணியைத் தவிர வேறு பயிற்சியாளர் இல்லை. இருந்த இன்னொருவன் போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான்.

"மூணு பேரையும் நீயே கூட்டிட்டுப் போயிடும்மா" என்றான் முதலாளி.

அவனை 'அவன்' என்றுதான் எழுதுவேன். மரியாதை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"எனக்கு இருக்கறது ரெண்டு கை சார்."

"மூணாவது ஆள் உன் சிலிண்டரைப் பிடிச்சுக்கட்டும். என்ன இப்போ?"

"ரெண்டு தடவையா போறேன். முதல்ல பொண்ணுங்க, அப்புறம் அப்பா."

"ஒரே தடவைதான். மூணு பேரும் சேர்ந்துதான் இறங்கணும். நீ போகலைன்னா சொல்லு, காத்து அடிக்கிறவனை அனுப்பறேன்."

காற்று அடிக்கிறவன் என்றால், பின்கட்டில் மெஷினை ஓட்டி சிலிண்டர் நிரப்புகிறவன். கடலில் முழங்கால் வரைக்கும் இறங்கியிருப்பானோ என்னவோ. அண்ணிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அந்த மூன்று பேரும் வெளியே ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் மாட்டேன் என்றால் அவர்கள் காற்று அடிக்கிறவனோடு இறங்குவார்கள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு படகில் ஏறினாள்.

இறங்கும் இடத்துக்குப் 'பள்ளிக்கூடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புதியவர்கள் பழகுகிற இடம். கடலுக்குள் ஒரு பெரிய பாறைக் கூட்டம், சுற்றிலும் வெள்ளை மணல், இரண்டு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆழம். இழுப்பு கிடையாது. மிதவையிலிருந்து ஒரு கயிறு நேராகக் கீழே இறங்கி ஒரு கான்கிரீட் கட்டையில் கட்டியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே இறங்கிவிடலாம். பாறையின் பின்பக்கம் மட்டும் தரை சரிந்து கருநீலமாகப் போகும். அந்தப் பக்கம் யாரையும் கூட்டிப் போவதில்லை.

படகில் வைத்தே அண்ணி டாக்டரிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

"என் சிலிண்டரோட கழுத்தைப் பிடிச்சுக்கோங்க. எது வந்தாலும் விடக் கூடாது. பயமா இருந்தா சிலிண்டர்ல ரெண்டு தட்டு தட்டுங்க. நான் நிப்பேன்."

"எனக்கென்னம்மா பயம்? அஞ்சாறு வீடியோ பாத்துட்டுதான் வந்திருக்கேன்."

"வீடியோ பாத்துட்டு ஒருத்தன் பல்லு பிடுங்க வந்தா நீங்க வாயைத் திறப்பீங்களா சார்?"

பெண்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். இந்தக் குடம் தொண்ணூறு கிலோ, அவ்வளவுதான் வித்தியாசம்.

இறங்கினார்கள். அன்றைக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததாம். மணலில் வெயில் வலை வலையாக ஆடிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் மணலில் முட்டி போட்டார்கள். அண்ணி ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்து, விரலை வளைத்து, 'சரியா?' என்று கேட்டாள். மூன்று பேரும் 'சரி' என்று காட்டினார்கள். வலது கையில் பெரியவளைப் பிடித்தாள். இடது கையில் சின்னவளைப் பிடித்தாள். டாக்டர் அவளுக்குப் பின்னால் போனார். ஒரு விநாடி கழித்து அவள் முதுகில் பிடி விழுந்தது. புறப்பட்டார்கள்.

கிளிமீன்கள் பாறையைக் கடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் தண்ணீருக்குள் நறுக் நறுக்கென்று நன்றாகவே கேட்கும். ஒரு திருக்கை மணலைப் போர்த்திக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்திருந்தது. கோமாளி மீன் ஒன்று தன் வீட்டு வாசலில் நின்று சின்னவளோடு சண்டைக்கு வந்தது. பொந்துக்குள் ஒரு கிழட்டுக் கலவா மீன் உண்டு. பெயர் ஹெட்மாஸ்டர். வருகிற புதியவர்களையெல்லாம் முறைத்துப் பார்க்கும், இருக்கிற இடத்தை விட்டு அசையாது. எத்தனையோ வருஷமாக அசைந்தது இல்லை.

அன்றைக்கு அது அண்ணியின் தோளுக்குப் பின்னால் பார்த்தது. பிறகு மெல்லப் பின்வாங்கி, வால் வரைக்கும் பொந்துக்குள் போய்விட்டது.

டாக்டர் கையைக் காலை ஆட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் அண்ணிக்கு ஒன்று உறைத்தது. பிடி ரொம்ப லேசாக இருக்கிறது. தொண்ணூறு கிலோ மனுஷன் முதுகில் தொங்கினால் நங்கூரம் மாதிரி இழுக்க வேண்டும். இது பள்ளிக்கூடப் பை அளவுகூட இல்லை. பரவாயில்லையே, சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்காக வருகிறாரே என்று கோபம் கொஞ்சம் தணிந்தது.

டொக்... டொக்.

சிலிண்டரில் இரண்டு தட்டு.

நின்றாள். கை இரண்டும் நிறைந்திருந்ததால் திரும்ப முடியவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். தன் முகமூடியின் ஓரம்தான் தெரிந்தது. பிடி அப்படியே இருந்தது. சற்று நேரம் பொறுத்துவிட்டு மறுபடி நகர்ந்தாள்.

டொக்... டொக்.

'எனக்கென்னம்மா பயம்'னு சொன்ன வாயா இது? மேலே வாங்க, வெச்சுக்கறேன்... என்று மனசுக்குள் திட்டினாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று உறைத்தது. டாக்டர் விரலில் தடித்த மோதிரம் போட்டிருந்தார். மோதிரக் கை தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும்.

இது வெறும் விரல் முட்டியின் சத்தம்.

சின்னவள் திரும்பி அண்ணியின் இடுப்புப் பக்கம் பார்த்தாள். கண்ணாடிக்குள் அவள் கண் சிரித்தது. கையை உயர்த்தி, நான்கு விரலையும் மடக்கி மடக்கி ஆட்டினாள். பெரியவர்களுக்கு யாரும் அப்படிக் கையாட்டுவதில்லை. கைக்குழந்தைக்கு டாட்டா காட்டுகிற ஆட்டு அது.

அப்பாவிடம் விளையாடுகிறாள்... என்று நினைத்தாள் அண்ணி.

நினைக்க முயன்றாள் என்று சொல்வதுதான் சரி. ஏனென்றால் அப்போது அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்திருந்தாள். தண்ணீருக்குள் பக்கத்தில் இருப்பவர் மூச்சு நன்றாகக் கேட்கும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, நடுவில் தன்னுடையது.

முதுகுக்குப் பின்னால் எதுவும் கேட்கவில்லை.

பாறையின் முனையைத் திரும்பினார்கள்.

அங்கே, பின்பக்கச் சரிவுக்கு மேலே, ஒரு பாறை இடுக்கிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஏதோ ஆடியது. கால் துடுப்பு. அந்தக் கடையில் பெரிய காலுக்கு ஒரே ஜோடிதான் உண்டு. மஞ்சள் ஜோடி.

துடுப்பு உதைத்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து குமிழிகள் கொத்துக் கொத்தாகக் கொட்டின.

டாக்டர் அங்கே இருந்தார்.

முதுகில் பிடி இருந்தது.

அண்ணிக்குக் கத்தத் தோன்றியது. வாயில் காற்றுக் குழாய். ஓடத் தோன்றியது. இரண்டு கையிலும் ஊரார் பெற்ற பிள்ளைகள்.

டொக்... டொக்.

அந்த நிமிஷத்தில் அவளைக் காப்பாற்றியது அவளுடைய கோபம்தான். சத்தியமாகச் சொல்கிறேன். எனக்கெல்லாம் அங்கேயே மூச்சு நின்றிருக்கும். யார் நீ, எதுக்குப் பிடிச்சே, உன்னாலதானே அந்த மனுஷன் பின்னால இருக்கார்னு நம்பினேன்... என்று அவளுக்குள் கோபம் குபுகுபுவென்று ஏறியது. அந்த வேகத்தில் பெண்கள் இருவரையும் மணலில் முட்டி போட வைத்தாள். சின்னவள் கையைப் பெரியவள் கையில் வைத்து அழுத்தினாள். 'இங்கேயே இரு' என்று காட்டினாள். பெரியவள் தலையை ஆட்டினாள்.

அண்ணி கையை எடுத்தாள். இரண்டு கையையும்.

முதுகில் இருந்த பிடி விட்டுப் போனது.

அப்பாடா என்று ஒரு மூச்சு இழுத்தாள்...

இடது கைக்குள் ஒரு கை வந்தது.

சின்னக் கை. அவளுடைய உள்ளங்கையைப் பிடிக்க அதற்கு எட்டவில்லை. இரண்டு விரலை மட்டும் சுற்றிப் பிடித்தது.

எங்கள் வீட்டு வாண்டுக்கு, அண்ணியின் பையனுக்கு, ஆறு வயது. ரோட்டைக் கடக்கும்போது அவன் அப்படித்தான் பிடிப்பான். அண்ணிக்கு அந்தப் பிடி தெரியும்.

பார்த்தாள்.

கையில் எதுவும் இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

பிடி இருந்தது.

மஞ்சள் துடுப்பின் உதை குறைந்துகொண்டே வந்தது. டாக்டரின் சிலிண்டர் பாறைக்கு அடியில் சிக்கியிருந்தது. அதை விடுவிக்க இரண்டு கையும் வேண்டும்.

உதறினாள்.

திரும்ப வந்தது. இறுக்கிப் பிடித்தது.

"விடு சனியனே!" என்று காற்றுக் குழாய்க்குள்ளேயே கத்தினாள். பலம் கொண்ட மட்டும் உதறினாள்.

விட்டுவிட்டது.

சரிவுப் பக்கமாகத் தண்ணீர் ஒருமுறை குளிர்ந்து அடித்தது. அவ்வளவுதான். அப்புறம் ஒன்றும் இல்லை.

அண்ணி டாக்டரைப் பிடுங்கி எடுத்தாள். அவருடைய சிலிண்டரில் மிச்சக் காற்றைக் காட்டும் முள் சிவப்புக்குப் போயிருந்தது. தன் உபரிக் குழாயை அவர் வாயில் திணித்து, பெண்கள் இருவரையும் கோத்துக்கொண்டு, மூன்று பேரையும் ஒரே கொத்தாக மெல்ல மேலே கொண்டுவந்தாள்.

படகில் டாக்டர் வாந்தி எடுத்தார், அழுதார், பெண்களைக் கட்டிக்கொண்டார். அண்ணி அவரை விடவில்லை.

"எப்போ சார் என் சிலிண்டரை விட்டீங்க?"

"நான் பிடிக்கவே இல்லையேம்மா. கிளம்பும்போதே ஒரு கணவாய் மீன் போச்சு. தண்ணி புகாத உறை போட்ட ஃபோன்ல படம் எடுக்கலாம்னு அது பின்னாடியே போயிட்டேன்."

இவ்வளவு பேசிய மனுஷனை என்ன செய்யலாம், சொல்லுங்கள். அண்ணிக்கு அவரைத் திரும்பக் கடலில் தள்ளிவிடலாமா என்று இருந்ததாம். சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள். நீ யாருக்குக் கையாட்டினே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை. படகுக்காரரிடமும் அவள் எதையும் சொல்லவில்லை.

கரை சேர்ந்ததும் ஈரம் சொட்டச் சொட்ட நேராகக் கடைக்குப் போனாள். முதலாளியின் அறை சின்னது. மேஜை, ஒரு ஃபேன், மூலையில் உலர்த்தப் போட்ட ரப்பர் உடுப்புகள். கதவை உதைத்துத் திறந்துகொண்டு போனாள்.

"மனுஷனாய்யா நீ? ஒரு நிமிஷம் பிந்தியிருந்தா அந்த ஆளு பொணம். ரெண்டு பொண்ணுங்களும் கண்ணு முன்னால பாத்திருக்கும். மூணு பேரை ஒருத்தி தலையில கட்டறியே, அப்படி என்ன பேராசை உனக்கு?"

இன்னும் என்னென்னவோ சொன்னாளாம். எழுத முடியாது. அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். மின்விசிறியை நிறுத்தினான். அவள் பக்கத்தில் வந்து, ரொம்ப மெல்லிய குரலில் கேட்டான்.

"என் பாப்பா எந்தக் கையப் புடிச்சா?"

கையைப் பற்றி அண்ணி யாரிடமும் சொல்லவில்லை.

"சொல்லும்மா. எந்தக் கை?"

"...இடது கை."

"அப்புறம்?"

"உதறிட்டேன்."

அவன் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தான்.

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. இங்க வேலை பாத்தவங்க அத்தனை பேரும். உதறிட்டேன், உதறிட்டேன்னு. ஒருத்தராவது அவளை மேல கூட்டிட்டு வரக் கூடாதா?"

அப்போதுதான் சொன்னான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இவனே பயிற்சியாளராக இருந்தபோது, இரண்டு வாடிக்கையாளர்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். நானும் வருவேன் என்று மகள் அடம்பிடித்தாளாம். ஏழு வயது. சிலிண்டரைப் பிடிச்சுக்கோ, பயமா இருந்தா ரெண்டு தட்டு தட்டு என்று சொல்லியிருக்கிறான். அவள் தட்டினாள். கை காலியாக இல்லை, இவன் திரும்பவில்லை. மறுபடி தட்டினாள். அப்புறம் அவள் வந்து கையைப் பிடித்திருக்கிறாள். இரண்டு விரலை. வாடிக்கையாளர் ஒருவர் அப்போது திமிறிக்கொண்டிருந்தாராம். இவன் உதறிவிட்டான். பின்பக்கச் சரிவில் மூன்று நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

"மூணு பேரோட இறங்கினாதான் அவ வர்றா" என்றான்.

"நீயே போய்த் தேட வேண்டியதுதானே? எதுக்கு அடுத்தவங்க பிள்ளைங்களைப் பலி கொடுக்கறே?"

"போகாம இருப்பனாம்மா? நான் இறங்கினா அவ வர மாட்டேங்கறா."

அண்ணி அன்றைக்கு மாலையே புகார் கொடுத்தாள். இப்போது அந்தக் கடை பூட்டிக் கிடக்கிறது. என் அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், பேய் என்றால் சிரிப்பான். இதைக் கேட்டுவிட்டு அவன் சிரிக்கவில்லை. அந்த அறையில் கடைசியாக நடந்ததை அண்ணி எங்கள் இருவரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

அவன் எழுந்து அவள் எதிரே வந்து நின்றானாம்.

"நாளைக்கும் மூணு பேர் வர்றாங்க. நீ பிள்ளை பெத்தவ, உனக்குப் புரியும். அந்தக் கையை மட்டும் விட்டுடாத தாயி. மத்தவங்க கைய விட்டாலும் பரவாயில்ல."

அண்ணி அறைந்தாள். வலது கையை ஓங்கி, கன்னம் பழுக்க அறைந்தாள். ரெண்டு பெண்கள் மணலில் முட்டி போட்டுக் காத்திருந்ததை நினைத்து இன்னொரு தடவை அறைந்தாள்.

அவன் தடுக்கவில்லை. குனிந்து, அவளுடைய இடது கையை எடுத்து, அந்த இரண்டு விரலையும் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான்.

அண்ணியால் உதற முடியவில்லை.